பெருநாளோடு வந்த கிருமி

அத்தியாயம் ஆறு

கல்முனையில் ஒரு மனிதனின் பெயர் கெட நாலு நாள் எடுக்கும் என்பது கோகிலனின் கணக்கு. ஓட்டோக்காரன் என்பதால் இந்த விஷயம் அவனுக்கு அத்துப்படி. ஒரு கதை சந்தைச் சந்தியில் ஏறினால் எந்த ஒழுங்கையில் இறங்கும், எங்கே அதற்குக் கைகால் முளைக்கும் என்றெல்லாம் சொல்லிவிடுவான். ஆனால் சமையல்காரர் அப்துல் ஹமீடின் பெயர் அசர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடையிலேயே கெட்டு முடிந்துவிட்டது.

முப்பது வருடமாக ஊரின் கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் அடுப்பு மூட்டிய கை அது. திங்கட்கிழமை ஒரு லாப் ரிப்போட் வந்தது. ‘மலப் பரிசோதனை: நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) கிருமி உண்டு.’ அவ்வளவுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய வலீமா விருந்தில் அவருடைய புரியாணியை மூன்று தடவை வாங்கித் தின்றவர்களுக்கெல்லாம் அன்றிரவு வயிறு முறுக்கியது திடீரென்று ஞாபகம் வந்தது. கோகிலனே அவர் சமைத்த நாலு கலியாணத்தில் சாப்பிட்டவன். ரிப்போட் கதையைக் கேட்டதும் அவனும் வயிற்றை ஒருமுறை அமுக்கிப் பார்த்தான். வெட்கக்கேடு!

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த அப்துல் ஹமீட்தான் மனைவி பஹ்மிதாவோடு முனவ்வறாவின் அறையில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்றா சொன்னேன்? பஹ்மிதா உட்கார்ந்திருந்தார். மனிதர் கதவோரம் நின்றார். கதிரையைக் காட்டியும் தொடவில்லை.

முனவ்வறா ஒரு சாரக்கடையின் மேல்மாடியில் தனியார் விசாரணை நடத்துகிறவர். அதற்கு முன் இருபத்தைந்து வருடம் லாப் உத்தியோகம். மற்றத் துப்பறிவாளர்கள் ஆளின் முகத்தைப் பார்த்துப் பொய்யைப் பிடிப்பார்கள். முனவ்வறா முகத்தைப் பார்க்கவே மாட்டார், கடதாசியைப் பார்ப்பார். வாயில் எப்போதும் ஒரு கராம்பு கிடக்கும். கோகிலன் அவருக்கு ஓட்டுநர், உதவியாளர், வேண்டாத நேரத்தில் வாய் திறக்கும் ஆள், மூன்றும்.

“இரிங்க காக்கா” என்றார் முனவ்வறா, ரிப்போட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“வேணாம் மிஸ். கதிரய மறுகா நீங்க கழுவோணும்.”

“பாத்தீங்களா?” பஹ்மிதாவுக்கு அழுகை முட்டியது. “மூணு நாளா ஊட்டுல தனிக் கோப்பையில திங்கிறார். ஆரும் செல்லல்ல, தானாவே எடுத்துக்கிட்டார். இது றம்ஸீன்ட வேல மிஸ். எங்கட மனிசன் அடுப்ப விட்டா அடுத்த சமையல்காரன் அவன்தானே!”

“அப்ப கந்தூரிச் சமையல் அவருக்கா போகுது?”

“அதுதான் விளங்குதில்ல. நாளைக்கு ஜும்ஆவுக்குப் பொறகு கந்தூரி. ஐநூறு சஹன். பள்ளிவாசல் நிருவாகம் அவனத்தான் கேட்ட. அவன் ஏலாண்டுட்டான். ஏனெண்டும் செல்றான் இல்ல. இண்டைக்கு நாலு மணிக்குள்ள இவருக்குக் கிருமி இல்லையெண்டு பீஎச்ஐ கையில கடதாசி போகல்லையெண்டா, கந்தூரிக்குப் பணிசும் வாழப்பழமும்.”

“பணிசா?” கோகிலன் கதிரையை விட்டு எழுந்துவிட்டான். ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து நெய்ச்சோற்றில் கைவைக்கும் நேரத்தில், ஆளுக்கொரு பணிசை, வெறும் பன்னை, கையில் கொடுத்து அனுப்பினால் அது கந்தூரியா, கிரிக்கெட் மெட்ச் இடைவேளையா?

அப்துல் ஹமீட் அப்போதுதான் வாய் திறந்தார். “கந்தூரி போனாப் போகட்டும் மிஸ். என்ட பேரனுக்கு மூணு வயசு. என்ட கையாலதான் தின்னுவான். இப்ப என்னக் கண்டா மருமகள் அவனத் தூக்கிட்டு அங்கால போறா. அவவுல பிழையில்ல, எந்த உம்மாவும் அப்பிடித்தான். எனக்கு அந்தக் கிருமி இரிக்கா, இல்லையா? அத மட்டும் செல்லுங்க. இரிந்தா நான் இனி அகப்பையத் தொட மாட்டன்.”

“ஒங்களுக்குக் காய்ச்சல், வயித்தோட்டம் எதும்?”

“ஒண்டும் இல்ல.”

“அத வச்சி ஒண்டும் செல்ல ஏலா. சில பேர்ர வயித்துல அது சத்தமில்லாமக் குடியிரிக்கும். ஆளுக்கு ஒண்டும் செய்யாது, அவர் சமைச்சத் திண்டவங்கள்தான் படுப்பாங்க.” முனவ்வறா ரிப்போட்டை மடித்தார். “பொய் சொல்லி ஒங்களத் தேத்த மாட்டன். வாங்க, போவம்.”

பஹ்மிதா வீட்டுக்குப் போனார். அப்துல் ஹமீட் ஓட்டோவின் பின் ஆசனத்தில், முனவ்வறாவிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் றோட்டில் விழுந்திருப்பார்.

“றம்ஸீன்ட கடைக்குத்தானே மிஸ்?” கோகிலன் கிக்கரை இழுத்தான். “ஆள் ஏலாண்டு சொன்னதுதான் எனக்குக் கடிக்குது. கேஸ் முடிஞ்ச மாதிரி.”

“நீ முடிச்ச கேஸ் எல்லாத்தையும் நான் திரும்பத் துவங்கித்தான் இரிக்கன். பீஎச்ஐ இன்ஸாப்ட விடு.”

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இன்ஸாப் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினிக்குள் தலையை விட்டு, கொத்துரொட்டித் தட்டின் அடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் வியர்த்து நின்றார். முனவ்வறாவைக் கண்டதும் இன்ஸாப் வெளியே வந்தார், கடைக்காரருக்கு உயிர் வந்தது.

“ஒரு கேள்வி. அந்த லாபில கிருமி இரிக்கெண்டு வந்த ரிப்போட் இந்த வருஷம் எத்தின?”

இன்ஸாப் கைத்தொலைபேசியைத் தட்டினார். “சமையல் ஆக்களுக்கு நாங்கதானே மெடிக்கல் எடுக்கச் செல்ற. ஜனவரியில இரிந்து ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் ஒண்டும் இல்ல. பெருநாள் முடிஞ்சு மூணு கிழமைக்குள்ள அஞ்சு.”

“ஆரார்?”

“பாலமுனையில ஜுனைட், ஹோட்டல்ல ரொட்டி போடுற. சம்மாந்துறையில தம்பிமுத்து, நெல்லு மில்லுல ஆக்களுக்குச் சமைக்கிற. பாண்டிருப்பில குஞ்சம்மா, பள்ளிக்கூடக் கன்டீன். நம்மட ஹமீட் காக்கா.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அஞ்சாவது ஆள ஆருக்கிட்டயும் செல்லிப் போடாதீங்க. றம்ஸீன். நேத்துத்தான் வந்த. மானம் போயிடும் எண்டு ஊட்டுக்குள்ள ஒளிச்சிக்கிட்டு இரிக்கான்.”

கோகிலனின் வாய் திறந்தபடி நின்றது. தன் எதிரியை விழுத்த வெட்டிய குழியில் தானும் போய்ப் படுத்துக்கொள்ளும் எதிரியை அவன் எந்தக் கதையிலும் கேள்விப்பட்டதில்லை.

ஓட்டோ திரும்பக் கிளம்பியதும் முனவ்வறா புதிய கராம்பு ஒன்றை வாயில் போட்டார். “இப்ப செல்லு கோகிலன். பாலமுனைக்காரர், சம்மாந்துறைக்காரர், பாண்டிருப்புக்காரி. ஒரு கிணத்துத் தண்ணி குடிச்சாங்களா?”

“இல்ல.”

“ஒரு கடையில திண்டாங்களா?”

“குஞ்சம்மாக்கா வேற ஆள்ர சமையல வாயில வைக்க மாட்டா மிஸ். எங்கட பக்கத்து ஒழுங்கைதான், எனக்குத் தெரியும்.”

“அப்ப அஞ்சு பேரும் சேந்து போன ஒரே இடம் எது?”

கோகிலன் பிறேக்கில் காலை வைத்துவிட்டான். பின்னால் வந்த லொறிக்காரன் அவனுடைய பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனான். “லாப்!”

“கிருமி ஊருக்கு வரல்ல. லாபுக்கு வந்திரிக்கி. அதுவும் பெருநாளோட.”

அந்த லாப் பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்குத் திரும்பும் ஒழுங்கையில் இருந்தது. முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு, பின்னால் ஒரு மரக்கதவு. அப்துல் ஹமீட் ஓட்டோவை விட்டு இறங்க மறுத்தார். முனவ்வறா முன் கதவால் போக, கோகிலன் நிழல் தேடிப் பின்பக்கம் போனான். அங்கே மரக்கதவுக்கு முன்னால் ஒரு சாம்பல் பூனை, நேர்முகப் பரீட்சைக்கு வந்த ஆள் மாதிரி, கதவையே பார்த்து உட்கார்ந்திருந்தது. கோகிலன் திரும்பி வந்து முன் கதவால் உள்ளே நுழைந்தான்.

உள்ளே பரிசோதனை வேலை பார்க்கும் அப்ராவைத் தவிர யாருமில்லை. முதலாளி கொழும்பில். அப்ராவுக்கு இருபத்தாறு வயது. படித்து முடித்து வந்த முதல் வேலை இது. முனவ்வறாவின் பெயர் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். லாப் வேலைக்காரர்களுக்கிடையில் அந்தப் பெயருக்கு அவ்வளவு பயம்.

“ஹமீட் காக்காட கிருமி வளத்த தட்ட இன்னும் வச்சிரிக்கீங்களா மகள்?”

“ஓம் மிஸ். அஞ்சு பேர்ர கிருமித் தட்டும் இரிக்கி.”

“நல்ல புள்ள. நெருப்புக்காய்ச்சல் போத்தலக் காட்டுங்க.”

அப்ரா பிரிட்ஜைத் திறந்து, சுண்டுவிரல் அளவு போத்தல் ஒன்றை எடுத்து வந்தாள். அடியில் தண்ணீர் மாதிரி ஏதோ கொஞ்சம். கோகிலன் குனிந்து பார்த்தான். “இதுதானா மிஸ் ஊரையே கலக்கின சாமான்? அத்தர் போத்தல் மாதிரி இரிக்கி.”

“உள்ளுக்கு இரிக்கிறது பிறபொருளெதிரி, அன்டிபொடி. படிச்சிரிப்பியே?”

“ஓஎல் விஞ்ஞானத்தில படிச்சது. அந்தப் பாடத்திலதான் பெயில் விட்டது.”

“அப்ப கேளு. இந்தத் தண்ணிக்கு ஒரேயொரு கிருமியத்தான் தெரியும். கண்ணாடித் துண்டுல இதுல ஒரு துளி, ஆள்ர தட்டுல வளந்த கிருமியில ஒரு துளி. ரெண்டையும் கலக்கி ஆட்டோணும். தெரிஞ்ச கிருமியெண்டா உடனே கட்டிப் புடிச்சி, தயிர் திரைஞ்ச மாதிரி மணி மணியாத் திரளும். தெரியாத கிருமியெண்டா பால் மாதிரியே கிடக்கும். சந்தேகமான தட்டு மட்டும்தான் இந்தப் போத்தலுக்கு வரும்.” முனவ்வறா அப்ராவிடம் திரும்பினார். “பெருநாளைக்கு முதல்ல இந்தப் போத்தலுக்கு எத்தின தட்டு வந்த?”

“பதினொண்டு மிஸ். ஒண்டும் திரளல்ல.”

“பெருநாளைக்குப் பொறகு?”

“அஞ்சு.”

“திரண்டது?”

அப்ராவின் குரல் இறங்கியது. “அஞ்சும்.”

பிரிட்ஜின் பக்கத்தில் ஒரு கொப்பி தொங்கியது. ஒவ்வொரு நாளும் காலையில் குளிர் எத்தனை பாகை என்று எழுதும் கொப்பி. முனவ்வறா அதைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். “நாலு பாகை, நாலு பாகை, நாலு பாகை. ஹஜ்ஜுப் பெருநாளண்டைக்கும் நாலு பாகை. பெருநாளைக்கு லாப் தொறந்தீங்களா?”

“இல்ல மிஸ். மூணு நாள் பூட்டு.”

“அப்ப பெருநாளைக்கு வந்து பாத்து எழுதினது பேயா, ஜின்னா?”

அப்ராவின் முகம் சிவந்தது.

கோகிலனுக்கு அந்த நேரத்தில்தான் அது தோன்றியது. வழமையாக அவனுக்குத் தோன்றும் எதுவும் உருப்படியானதாக இருக்காது, அதனால் தயங்கித் தயங்கித்தான் கேட்டான். “தங்கச்சி, பின்னால ஒரு பூனை தவம் கிடக்குது. அது ஒங்கட பூனையா?”

“இல்ல, எங்கேயோ இரிந்து வருது. துரத்தினாலும் போகுதில்ல.”

“எப்ப இரிந்து வருது?”

“பெரு…” அப்ரா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

முனவ்வறா கோகிலனைத் திரும்பிப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த ஏழு வருடத்தில் அவன் அப்படி ஒரு பார்வையை வாங்கியதில்லை. நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

“ஒரு சின்ன வேல செய்வம்” என்றார் முனவ்வறா. கண்ணாடித் துண்டு ஒன்றைத் துடைத்து மேசையில் வைத்தார். போத்தலிலிருந்து ஒரு துளி விட்டார். பக்கத்தில் இன்னொரு துளி, உப்புத்தண்ணீர்.

“இது ஆர்ர கிருமி மிஸ்?” என்றான் கோகிலன்.

“ஆர்ரயும் இல்ல. வெறும் சேலைன். போத்தல் உடைச்சு இப்பதான் எடுத்தது.”

இரண்டையும் கலந்து, கண்ணாடியை விரல்களுக்கிடையில் மெல்ல ஆட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒரு நிமிடம் போனது. துளிக்குள் வெள்ளை வெள்ளையாக, ரவை மாதிரி மணிகள் தெரிந்தன.

“கடவுளே! தண்ணிக்கும் நெருப்புக்காய்ச்சலா?”

“போத்தல்தான் திரளுது. எந்தக் கிருமியக் குடுத்தாலும் இது ஓம் எண்டுதான் செல்லும். என்ட துளியக் குடுத்திரிந்தா எனக்கும் செல்லியிரிக்கும்.” முனவ்வறா கண்ணாடியை வைத்தார். “இந்த மருந்து குளிரா இரிக்கோணும், ஆனா கட்டியாகக் கூடா. ஒருக்காக் கட்டியாகி உருகினா சரி, உள்ளுக்கு இரிக்கிறது சிதஞ்சு மணியாப் போயிடும். மூணு நாள் பூட்டிக் கிடந்த லாபில இந்தப் பிரிட்ஜ ஆரோ முழுக் குளிருக்குத் திருப்பியிரிக்காங்க. இறைச்சியும் வச்சிரிக்காங்க, அந்தப் பூனை சாட்சி. குர்பான் இறைச்சிதானே மகள்?”

அப்ரா பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

பெருநாள் காலத்தில் அந்தக் கரையோர ஊர்களில் பிரிட்ஜ் படும் பாட்டைக் கோகிலனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் குர்பான் கொடுத்த ஆடு மாட்டின் பங்கு வந்து குவியும். தண்ணீர்ப் போத்தலும் மருந்தும் முட்டையும் வெளியே போகும், இறைச்சி உள்ளே போகும். தங்கள் வீட்டுப் பிரிட்ஜ் நிறைந்தால் பக்கத்து வீட்டுப் பிரிட்ஜ். பாண்டிருப்பில் அவனுடைய வீட்டுப் பிரிட்ஜைக்கூட ஒரு கூட்டாளி கேட்டதுண்டு. ஆனால் லாபுப் பிரிட்ஜையும் விட்டுவைக்கவில்லை என்பது அவனுக்கே புதிது.

“வெளியூருக்குப் போயிரிந்த ஏழைக் குடும்பங்கட பங்கு மிஸ், பதினெட்டுப் பொதி. ரெண்டு நாளைக்கு வைக்க ஒரு இடமும் இல்லண்டாங்க. லாப் கதவுட தொறப்பு என்னட்டத்தான் இரிந்த. மேல்தட்டுல மட்டும் வைங்க எண்டு குடுத்தன். நாலாம் நாள் வந்து பாத்தா போத்தலெல்லாம் கல்லு மாதிரி. கையில வச்சி உருக்கினன். பாத்தா தெளிவாத்தான் இரிந்த. புதுப் போத்தல் கொழும்பால வர ரெண்டு மாசம். முதலாளி என்ன வேலையால நிப்பாட்டிடுவார் எண்டு பயம். ஆனா நான் சோதிச்சன் மிஸ், அல்லாஹ்க்காக! உண்மையான நெருப்புக்காய்ச்சல் கிருமிய வச்சிப் பாத்தன். நல்லாத் திரண்ட. அதால நல்லா இரிக்கெண்டு நினைச்சன்.”

முனவ்வறா பெருமூச்சு விட்டார். “ஓம் செல்லுதா எண்டு பாத்திரிக்கீங்க. இல்லையெண்டு செல்லத் தெரியுமா எண்டு பாக்கல்ல.”

கோகிலனால் அடக்க முடியவில்லை. “அந்த இறைச்சியக் கொண்டு வந்து வச்சது ஆர் தங்கச்சி? குளிரக் கூட்டினது ஆர்? அந்த ஆளக் கொண்டு போய் ஹமீட் காக்காக்கு முன்னால நிப்பாட்டினாத்தான் எனக்கு ஆறும்.”

அப்ரா தலையைக் குனிந்துகொண்டாள். “அத மட்டும் கேக்காதீங்க. நான் செல்ல மாட்டன்.”

“ஏன்?”

“செல்ல மாட்டன்.”

“நான்தான் மகன்.”

குரல் கண்ணாடிக் கதவுப் பக்கமிருந்து வந்தது. வெயில் தாங்காமல் நிழலுக்கு ஒதுங்கிய அப்துல் ஹமீட், படிக்கட்டில் நின்றபடி எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியவில்லை. முகத்தில் இரத்தம் இல்லை.

“பள்ளிவாசல் குர்பானப் பங்கு போட்டது நான்தான். அப்ரா எங்கட பக்கத்து ஊட்டுப் புள்ள, தொறப்புக் கேட்டு வாங்கினதும் நான். இறைச்சி பழுதாப் போயிடும் எண்டு பிரிட்ஜுல குளிர் கூட்டுற வட்டத்த நான்தான் ஏழு வரைக்கும் திருப்பின.” கையை விரித்துப் பார்த்தார். “இந்தக் கையாலதான்.”

கோகிலனுக்கு முதலில் சிரிப்பு வரப் பார்த்தது. பூட்டிய லாபுக்குள் புகுந்து, கிருமியைக் கண்டுபிடிக்கும் மருந்தைத் தானே கெடுத்து, அதே மருந்தால் தானே பிடிபட்ட மனிதர்! ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்புத் தொண்டையிலேயே செத்துப்போனது.

“மாமா, எனக்குச் செல்ல ஏலாமப் போச்சி” என்றாள் அப்ரா. “ரிப்போட் எழுதினதும் நான். அதுல ஒங்கட பேர எழுதக்குள்ள பேனய ரெண்டு தரம் கீழ வச்சிட்டன். எப்பிடி வந்து நீங்க வச்ச இறைச்சியப் பத்திக் கதைக்கிற?”

முனவ்வறா கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐந்து. “அழுறத்துக்கு நாலு மணிக்குப் பொறகு நேரம் இரிக்கி. போத்தல் பொய் செல்லுதெண்டுதான் தெரியும். காக்காக்குக் கிருமி இல்லையெண்டு இன்னும் தெரியா. கோகிலன், சம்மாந்துறையில ஒரு லாபில அமிர்தலிங்கம் இரிக்கார், என்னோட வேல செஞ்சவர். போன் பண்றன். ஐஸ் பிளாஸ்கில ஒரு நல்ல போத்தல் தருவார். பிளாஸ்க மடியில வச்சிக்கிட்டு வா.”

“மடியில வச்சா ஹேண்டில எதால புடிக்கிற மிஸ்?”

“போடா சுறுக்கா!”

நெல் ஏற்றிய உழவு இயந்திரங்களுக்குள் புகுந்து வளைந்து, சம்மாந்துறைக்குப் போய் வர ஐம்பது நிமிடம். திரும்பி வந்தபோது அப்துல் ஹமீட் அதே இடத்தில், அதே மாதிரி நின்றார். இந்த முறை முதல் துளி சேலைனோடு. தண்ணீர் மாதிரியே தெளிவாகக் கிடந்தது. அடுத்தது உண்மையான கிருமி. திரண்டது. போத்தலுக்கு ஓமும் தெரிகிறது, இல்லையும் தெரிகிறது.

பிறகு தட்டுகள். ஜுனைட், பால். தம்பிமுத்து, பால். குஞ்சம்மா, பால். றம்ஸீன், பால். அப்துல் ஹமீடின் துளியை முனவ்வறா மற்றவற்றைவிட நீண்ட நேரம் ஆட்டினார். எந்த மணியும் வரவில்லை.

“இல்ல காக்கா. ஒங்களுக்கு அந்தக் கிருமி இல்ல.”

அப்துல் ஹமீட் கதிரையில் உட்கார்ந்தார். மூன்று நாளுக்குப் பிறகு ஆள் முதன்முதலாக ஒரு கதிரையில் உட்கார்ந்தார். “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

இனி ரிப்போட்டை ரத்துச் செய்யும் கடிதம். அப்ரா எழுதினாள். பழைய ஐந்து முடிவுகளும் பிழை, மருந்து உறைந்து பழுதானது, எழுதியாயிற்று. காரணம் என்ற இடத்தில் பேனை நின்றது.

“காரணத்த விபரமா எழுதல்லையெண்டா இன்ஸாப் ஏத்துக்க மாட்டார்” என்றார் முனவ்வறா. “எழுதினா, காக்கா, ஊர் முழுக்கக் கதை வரும். கிருமிக்காரன் எண்ட பேர் போய், லாபக் கெடுத்தவன் எண்ட பேர் வரும். அத யோசிச்சிக் கொள்ளுங்க. மின்சாரம் நிண்டு போன எண்டும் எழுதலாம். ஒருத்தரும் தேடிப் பாக்க மாட்டாங்க.”

கோகிலன் திகைத்துப்போனான். மிஸ் ஒரு பொய்யை இவ்வளவு நேராக நீட்டி அவன் கேட்டதில்லை. அவரோ மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடதாசியை அல்ல, முகத்தை.

அப்துல் ஹமீட் கடிதத்தைப் பார்த்தார். “மத்த நாலு பேரும் எத்தின நாளா வேலையில்லாம இரிக்காங்க?”

“குஞ்சம்மாக்கா ஒம்பது நாள்” என்றான் கோகிலன்.

“எழுதுங்க மகள். ‘பிரிட்ஜில் குர்பான் இறைச்சியை வைத்துக் குளிரைக் கூட்டியவர் அப்துல் ஹமீட், சமையல்காரர்.’ சமையல்காரர் எண்டதையும் போடுங்க.”

அப்ரா எழுதினாள். பிறகு அவரிடம் கேட்காமலே கீழே இன்னொரு வரியைச் சேர்த்தாள்: மருந்து உறைந்திருந்ததைக் கண்டும் அறிவிக்காதவர், கொப்பியில் பார்க்காமல் நாலு பாகை என்று எழுதியவர் அப்ரா. கையெழுத்தைப் போட்டபோது பேனை நிற்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு இன்ஸாப் கடிதத்தை வாசித்தார். இரண்டாம் தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கத் துவங்கியவர், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. “காக்கா, பீஎச்ஐ வேலையில இப்பிடி ஒரு கேஸ நான் கண்டதில்ல! போங்க, போய் அடுப்ப மூட்டுங்க. இந்தக் கதைய ஊருக்கு நானே செல்றன். பயப்புடாதீங்க, சிரிச்சிக்கிட்டுத்தான் செல்லுவன்.”

பள்ளிவாசலில் விறகு இறக்கியாயிற்று, அரிசி வந்தாயிற்று என்று பஹ்மிதா இரண்டு தடவை போன் எடுத்துவிட்டார். பின்னணியில் பேரனின் சத்தம். கோகிலன் ஓட்டோவைப் பள்ளிவாசல் பக்கம் திருப்பினான்.

“அங்கால இல்ல மகன். பாண்டிருப்புக்கு விடு.”

“காக்கா, ஐநூறு சஹன்!”

“அடுப்பு நிக்கும். முதல்ல அந்தத் தங்கச்சி.”

குஞ்சம்மா வீட்டு வாசலில் ஒரு மேசை. மேசையில் மூடி போட்ட ஏனம், உள்ளே தாளித்த கடலை. பள்ளிக்கூடக் கன்டீன் போனதும் வீட்டு வாசலில் வைத்து விற்கிறாள் என்று கோகிலனுக்குத் தெரியும். விற்கப் பார்க்கிறாள் என்பதுதான் சரி. ஏனம் நிறைந்து கிடந்தது. தெருவில் ஆட்கள் மற்றப் பக்கத்தால் ஒதுங்கிப் போனார்கள்.

அப்துல் ஹமீட் அவளுக்கு முன்னால் நின்று, இறைச்சியிலிருந்து ஏழாம் நம்பர் வரை ஒன்றையும் விடாமல் சொன்னார். ஒரு சாட்டும் சொல்லவில்லை. “ஒனக்குக் கிருமியும் இல்ல, ஒண்டும் இல்ல. ஒன்ட சோத்துல மண்ணப் போட்டது நான். என்ன மன்னிச்சிக்க தங்கச்சி.”

குஞ்சம்மா இடுப்பில் கையை வைத்தபடி கேட்டாள். கோகிலன் ஓட்டோவுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டான். குஞ்சம்மாக்காவின் வாய் அந்த ஒழுங்கையில் பிரசித்தம்.

“நாளைக்கு ஊருக்கே சமைக்கப் போறீங்களாம்” என்றாள் கடைசியில்.

“ஓம்.”

“அப்ப இதத் தின்னுங்க.” ஏனத்தின் மூடியைத் திறந்து, வெறும் கையாலேயே கடலையை அள்ளி நீட்டினாள். கரண்டி பக்கத்தில்தான் கிடந்தது. அதை அவள் தொடவில்லை. கண் அவருடைய முகத்தை விட்டு நகரவில்லை.

அப்துல் ஹமீட் இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினார். ஒரு பிடி வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே புருவம் சுருங்கியது. முப்பது வருடச் சமையல்காரர் ஆயிற்றே, வாய் சும்மா இருக்குமா?

“உப்புக் காணாது தங்கச்சி” என்றார்.

செத்தோம் என்று கோகிலன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணைத் திறந்தபோது குஞ்சம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

“ஒம்பது நாளாச் சமைச்சு வச்சுக்கொண்டு இரிக்கன் காக்கா” என்றாள். “உப்புக் காணாதெண்டு சொல்ல ஒரு மனிசர் வரல்ல.”